டோல்கேட் கட்டை உங்க கார் மேல விழாம இருப்பது எப்படி?

பொங்கல் லீவு முடிஞ்சு சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு, விழுப்புரம் – திண்டிவனம் இடையே உள்ள விக்கிரவாண்டி டோல்கேட்டை மறக்க முடியாது. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை ரீடர் படித்ததும் பூம் பேரியர் மேலே போகும். ஆனால், கார் முழுசா கடந்ததா, பாதியிலேயே நிற்குதா என்பது அந்த ஸ்டிக்கருக்குத் தெரியாது. தப்பான நேரத்தில் கட்டை இறங்கினால் கார் கூரை காலி!

இதைத் தடுக்க இத்தகைய கேட்களில் பரவலாகப் பயன்படுவது, தரைக்குள் புதைத்த ஒரு செம்புக் கம்பிச் சுருள். ரோட்டைச் செவ்வகமாக அறுத்து, தார் ஊற்றி மூடியிருப்பார்கள். இந்தச் சுருளுடன் ஒரு கெபாசிட்டரை இணைத்தால் அதுதான் 'டேங்க் சர்க்யூட்'. மின்னாற்றல் இரண்டுக்கும் இடையே ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆட்டம் ஓயாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் லேசாகத் தள்ளிவிடுவது டிரான்சிஸ்டரின் வேலை.

2 மீட்டருக்கு 1 மீட்டர் செவ்வகத்தில் 4 சுற்று சுற்றினால் சுமார் 100 மைக்ரோஹென்றி கிடைக்கும். அதனுடன் 0.1 மைக்ரோஃபாரட் சேர்த்தால், விநாடிக்குச் சுமார் 50,300 முறை ஆடும். கார் மேலே வந்தால்? இரும்பு வந்தால் சுருளின் இண்டக்டன்ஸ் கூடும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர் எதிர். காரின் அடிப்பகுதியில் உருவாகும் சுழல் மின்னோட்டம் சுருளின் காந்தப்புலத்தை எதிர்ப்பதால் இண்டக்டன்ஸ் குறைகிறது. அது 2 சதவீதம் குறைந்தாலே ஆட்டம் 50,800 ஆகிவிடும். அந்த 500 வித்தியாசத்தை எண்ணி, 'கார் இருக்கு, கட்டையை இறக்காதே' என்று சர்க்யூட் சொல்கிறது.

டிசைனில் சறுக்குவது பெரும்பாலும் கெபாசிட்டரில்தான். 0.1 மைக்ரோஃபாரட் என்பது ஒரு லட்சம் பிகோஃபாரட். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சில பிகோஃபாரட் அதன் முன் தூசு. அதனால் சின்ன கெபாசிட்டரைவிட இது நல்லது. ஆனால் விலை மலிவான செராமிக் போட்டால், மே மாத வெயிலில் அதன் அளவே மாறும். காரே இல்லாமல் ஆட்டம் மாறும். பாலிப்ரொப்பிலீன் வகை தாங்கும். மழை, வெயிலால் வரும் மெதுவான மாற்றத்தைப் பழகிக்கொண்டு, திடீர் மாற்றத்தை மட்டும் கவனிக்கும்படி புரோகிராமும் எழுதுவார்கள்.

பைக்கில் இரும்பு கம்மி என்பதால் மாற்றமும் மிகச் சிறியது. ஆபீஸ் பார்க்கிங் கேட் உங்க பைக்குக்குத் திறக்கலையா? செவ்வகத்தின் நடுவில் நிற்காதீங்க. அறுத்த கோட்டின் மேலேயே சக்கரம் இருக்கும்படி நிறுத்திப் பாருங்க; கம்பிக்குப் பக்கத்தில்தான் காந்தப்புலம் அதிகம்.