வெறுங்காலில் ஓடிய பொண்ணு ஒலிம்பிக் போனது எப்படி? ரேவதி வீரமணியின் பாதையில் சாத்தூர் மாணவிகளுக்கு என்ன இருக்கு?

சாத்தூர் ரயில் நிலையம் தெற்கு ரயில்வேயின் மதுரை கோட்டத்தில் வருகிறது. அதே மதுரை கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ஒரு பெண், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடினார். பெயர் ரேவதி வீரமணி. ஊர், சாத்தூரில் இருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் இருக்கும் மதுரையை ஒட்டிய சக்கிமங்கலம்.

அவரிடம் வேகம் இருந்தது. ஆனால் வேகம் மட்டுமே அவரை டோக்கியோவுக்குக் கொண்டு போகவில்லை. வழியில் நாலைந்து இடங்களில் அந்த ஓட்டம் நின்று போயிருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் நிற்க விடவில்லை. அந்த இடங்கள் எவை, சாத்தூர் பக்கத்தில் ஓடத் தெரிந்த ஒரு மாணவிக்கு இன்று என்ன வழி இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ரேவதி?

1998-ல் பிறந்தவர். ஆறு வயது நிறைவதற்குள் அப்பா நோயில் இறந்தார். அடுத்த ஆறு மாதத்தில் அம்மாவும் போய்விட்டார். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது பாட்டிதான். அடுத்தவர் வயலிலும் செங்கல் சூளையிலும் தினக்கூலி வேலை பார்த்து இரண்டு பேத்திகளுக்கும் சோறு போட்டார்.

இரண்டு பெண் பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பச் சொல்லி சொந்தக்காரர்கள் அப்போது பாட்டிக்கு யோசனை சொன்னார்கள். பாட்டி கேட்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம்தான் போகணும் என்று உறுதியாக நின்றார். ரேவதியின் ஓட்டத்தில் முதல் திருப்பம் இதுதான். ஸ்டாப் வாட்சும் டிராக்கும் அதற்கப்புறம்தான் வந்தன.

கண்டுபிடித்தது யார்?

பள்ளி மாணவியாக 2014-15 வாக்கில் மண்டல அளவிலான ஒரு போட்டியில் ரேவதி வெறுங்காலில் ஓடினார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கே.கண்ணன் அதைப் பார்த்தார். இந்தப் பிள்ளையிடம் திறமை இருக்கிறது, முறையாகப் பயிற்சி கொடுத்தால் பெரிய அளவுக்கு வரும் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் பாட்டி உடனே சம்மதிக்கவில்லை. பேத்தி வீட்டை விட்டு வெளியே போவது, செலவு, ஊர்ப் பேச்சு என்று ஒரு பாட்டிக்கு வரக்கூடிய பயம் கொஞ்சம் நஞ்சமல்ல. கண்ணன் விடாமல் பேசி சம்மதம் வாங்கினார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதி வசதியும் கிடைக்க வழி செய்தார். தங்க இடம், சாப்பாடு, படிப்பு மூன்றும் ஒரே இடத்தில் அமைந்த பிறகுதான் பயிற்சி தொடர்ச்சியாக நடந்தது.

2016-ல் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியிலும் ரேவதி வெறுங்காலில்தான் ஓடினார். 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். அதற்குப் பிறகுதான் ஸ்பைக்ஸ் ஷூ உள்ளிட்ட பொருட்கள் எல்லாம் முறையாகக் கைக்கு வந்தன. ஷூ போட்டு ஓடுவது ஆரம்பத்தில் அவருக்குக் கஷ்டமாகவே இருந்தது.

200-ல் இருந்து 400-க்கு ஏன் மாறினார்?

2019-ல் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் முகாமுக்கு ரேவதி தேர்வானார். அங்கே இந்திய 400 மீட்டர் அணிக்குப் பயிற்சி கொடுத்து வந்த கலினா புகாரினா, அவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார்.

100 மீட்டர் பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும் வேலை. 400 மீட்டர் என்பது மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றுவது. அந்தத் தூரம் முழுக்க உச்ச வேகத்தில் யாராலும் ஓட முடியாது. முதல் 200 மீட்டரில் வேகத்தை அள்ளி விட்டால் கடைசி 100 மீட்டரில் கால் இரும்பாகக் கனக்கும், மூச்சு வாங்கும். அடக்கி ஓடினாலோ மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்கள். வேகமும் வேணும், தாக்குப்பிடிக்கவும் வேணும். 200 மீட்டரில் வேகமாக ஓடும் ஒருவர் தாக்குப்பிடிக்கவும் கற்றுக்கொண்டால் நல்ல 400 மீட்டர் வீராங்கனை ஆகலாம்.

இந்தியாவைப் பொறுத்தவரை இதில் இன்னொரு லாபமும் உண்டு. 400 மீட்டரில் தொடர் ஓட்டம் இருக்கிறது. தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் தகுதி நேரம் கிடைக்காதவருக்கும் நாலு பேரில் ஒருவராக இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஜூலை 4, 2021: அந்த ஒரு சுற்று

2021 தொடக்கத்தில் காயம் காரணமாக ரேவதியால் சில போட்டிகளில் ஓட முடியவில்லை. டோக்கியோ கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்துக்குப் பெண்களைத் தேர்வு செய்ய ஜூலை 4-ம் தேதி பாட்டியாலாவில் ஒரு ஓட்டம் நடந்தது. ஒரே ஒரு சுற்று. ரேவதி 53.55 விநாடியில் முதலாவதாக வந்தார். சராசரியாக மணிக்கு கிட்டத்தட்ட 27 கி.மீ. வேகம். ஊருக்குள் ஒருத்தர் டி.வி.எஸ். 50-ல் போகிற வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்தவர்கள் திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன் (54.26), தனலட்சுமி சேகர் (54.27). இருவருக்கும் இடையே விநாடியில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். முதல் மூன்று இடமும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு. மூன்று பேரும் டோக்கியோ அணியில் இடம் பிடித்தார்கள்.

ஜூலை 30-ம் தேதி முகமது அனஸ், ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் என்ற வரிசையில் இந்திய அணி ஓடியது. நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. தங்கள் பிரிவில் எட்டாவது இடம், இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. தங்கம் வென்ற போலந்து அணியின் இறுதிச் சுற்று நேரம் 3 நிமிடம் 09.87 விநாடி. இடைவெளி 10 விநாடி. தொடர் ஓட்டத்தில் அது சின்ன இடைவெளி இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆகணும்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

சுபா தொடர்ந்து ஓடினார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அணியில் அவரும் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜும் இருந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இருவரும் ஓடினார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வைத்த 55.42 விநாடி தேசிய சாதனையை, 39 வருஷம் கழித்து ஹாங்சோவில் சமன் செய்தவர் வித்யா.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021 மார்ச்சில் ஃபெடரேஷன் கோப்பை 100 மீட்டரில் டூட்டி சந்தை முந்தி தங்கம் வென்ற தனலட்சுமி, 2022-ல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி 3 ஆண்டு தடைக்கு ஆளானார். ஓட்டப்பந்தய வீராங்கனைக்கு 3 ஆண்டு என்பது பெரிய காலம். எந்த மருந்தையும், சத்து மாவையும், ஊசியையும் யார் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணும்.

வேலை ஏன் முக்கியம்?

ஓட்டப்பந்தயத்தில் பரிசுத் தொகையை நம்பி குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை பெரிய விஷயம். மாசச் சம்பளம் வந்தால்தான் பயிற்சி நிற்காது. பி.டி.உஷாவும் தெற்கு ரயில்வே ஊழியராக இருந்தவர்தான். ரேவதிக்கும் ரயில்வே வேலை அந்த ஆதாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

சாத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பல வீடுகளில் வருமானம் தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆபீஸும்தான். 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெற்றோரை இழந்து பிள்ளைகள் நிற்கிற நிலை இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்லை. பத்தாவது முடித்ததும் கூட ரெண்டு கை சம்பாதிச்சா நல்லது என்ற பேச்சு எழுவது அந்த வீடுகளில் இயல்பு. சக்கிமங்கலம் பாட்டியிடம் சொல்லப்பட்ட யோசனையும் அதேதான்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பட்டாசு போன்ற அபாயமான தொழிலில் அமர்த்துவது குற்றம். அந்த வயதில்தான் ஒரு ஓட்டக்காரியின் கால் உருவாகிறது என்பதையும் சேர்த்து யோசிக்கணும்.

ஓடத் தெரிந்த மாணவிக்கு வழி என்ன?

* பள்ளியில் குறுவட்ட அளவிலான போட்டிக்குப் பெயர் கொடுப்பது முதல் படி. அதில் ஜெயித்தால் மாவட்டம், பிறகு மாநிலம். பி.டி. டீச்சர் பெயரை அனுப்பினால்தான் இது நடக்கும்.

* முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆன்லைனில் பதிவு செய்யணும்.

* தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தேர்வுப் போட்டியில் தேறினால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி கிடைக்கும். தேதி, வயது வரம்பு பற்றிய விவரங்களை விருதுநகரில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம்.

* போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கணும். கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் பின்னால் கேட்பது அதைத்தான்.

ரேவதிக்கு டோக்கியோவில் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் செங்கல் சூளைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை படித்தார், ரயில்வே வேலைக்குப் போனார், ஒலிம்பிக்கில் ஓடினார். அவருடைய தங்கை காவல் துறையில் சேர்ந்தார். பேத்திகளை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று பாட்டி சொன்ன அன்றைக்கு, இதில் எதுவும் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.