பல்லைப் பிடுங்குமுன் பழக்கத்தைப் பார்ப்போம்

காதுக்குச் சற்று முன்னே கீழ்த்தாடையும் மண்டையோடும் கூடும் மூட்டு உள்ளது. அம்மூட்டிலும் அதனை இயக்கும் தசைகளிலும் உண்டாகும் நோவைப் பல்வலியெனக் கருதி, நல்ல பல்லையே பிடுங்கிக்கொண்டவர்களை நாம் கிராமங்களில் கண்டிருக்கிறோம். பிடுங்கிய பல் மீளாது, வலியும் நீங்குவதில்லை.

மெல்லும்போதும் விழுங்கும்போதும் அன்றி, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருத்தலே இயல்பு. கவலையிலோ, கருத்தூன்றிய வேலையிலோ பலர் தம்மை அறியாமலே பற்களை இறுக்குகின்றனர். அப்போது கன்னத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் ஓய்வின்றி உழைக்கின்றன. தாடைத் தசைவலி உடையோரிடம் இப்பழக்கம் மிகுதியென ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

தசை சுருங்குகையில் நுண்ணிய மின்சாரம் எழுகிறது. தோலில் ஒட்டும் சிறு தகடுகளின் வழியே அதனைப் பதிவு செய்து, தாடை எவ்வேளையில், எவ்வளவு நேரம் இறுகியது என மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். உறக்கத்தில் நிகழும் பற்கடிப்பும் இதில் பதிவாகும்.

அக்கருவி எங்கும் கிடைப்பதன்று. எனினும், விழித்திருக்கும் வேளையின் கணக்கை நாமே எடுக்கலாம். பள்ளி மணியோ பேருந்தின் ஒலியோ கேட்கும்போதெல்லாம், பற்கள் சேர்ந்துள்ளனவா என்று கவனித்துக் குறிப்பேட்டில் ஒரு கோடு இடுக. சேர்ந்திருப்பின், உதடுகளை மூடியவாறே பற்களைப் பிரித்துத் தாடையைத் தளர விடுக. உறக்கத்தில் பல் நறநறக்கும் ஒலியை வீட்டார் சொல்லக் கேட்டு எழுதுக.

ஒரு வாரக் குறிப்புடன் பல் மருத்துவரை அணுகுக. வீக்கமோ காய்ச்சலோ இருப்பினும், வாய் திறவாது போயினும் தாமதமின்றிச் செல்க. மருத்துவர் ஆராய்ந்து கூறுமுன் எப்பல்லையும் இழக்க இசையாதிருப்போமாக.