கல் ஓடும் குழாய்க்கு எந்தக் கதவு?

கர்நாடகத்தின் குதிரேமுக் மலையில் வெட்டிய இரும்புத் தாது, 2005 கடைசியில் சுரங்கம் மூடப்படும் வரை, 67 கி.மீ. குழாய் வழியாகத்தான் மங்களூர்க் கடற்கரைக்கு வந்தது. கல்லை மாவாக அரைத்து, காந்தம் வைத்து இரும்பைப் பிரித்து, தண்ணீரில் கலந்து குழம்பாக அனுப்பினார்கள். சுரங்கத் தொழிலில் இதற்கு ‘ஸ்லரி’ என்று பெயர். டாஸ்மேனியாவின் சாவேஜ் ரிவரில் 1967-லேயே சுமார் 85 கி.மீ. குழாயில் இப்படி இரும்புத் தாது ஓடியது; பிரேசிலின் சாமார்க்கோ நிறுவனம் 1977-இல் ஏறத்தாழ 400 கி.மீ. குழாயைப் போட்டது. இத்தகைய குழம்பில் எடைக்கு எடை பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு கல்மாவு. ஒரு லிட்டர் இரண்டு கிலோ தேறும். குழாயாவது அதை வழிவிட்டு அனுப்புகிறது. குறுக்கே நின்று நிறுத்தும் வேலை வால்வுக்கு. எனவே ஸ்லரி வால்வு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்த உலோகம் ரொம்பக் கடினம்?’ என்பதுதான். அது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கடைசியில் கேட்கவேண்டியது. வால்வின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்கு நாம் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதே.

தேய்மானம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பின்னாளில் பணியாற்றிய இயன் ஃபின்னி, துகள்கள் மோதி உலோகம் அரிக்கப்படுவதைப் பற்றி 1960-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்துறையில் இன்றுவரை எடுத்துப் பேசப்படும் கட்டுரை அது. எஃகு போன்ற வளைந்துகொடுக்கும் உலோகத்தை அதிகம் தின்பது நேராக வந்து மோதும் துகள் அல்ல. 20 டிகிரியை ஒட்டிய சாய்கோணத்தில் உரசி வரும் துகள்தான். அது உளியைப் போல மேற்பரப்பைச் சீவிக்கொண்டு போகிறது. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் நிலைமை தலைகீழ். சாய்ந்து வரும் துகள் அவற்றை வழுக்கிக்கொண்டு போய்விடும். செங்குத்தாக வந்து மோதுவது சுத்தியல் அடியாக இறங்கி நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும். விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் சில்லு பெயரும். ஆக, ஒரே குழம்பு, ஒரே வேகம், ஆனால் கோணம் மாறினால் ‘நல்ல’ பொருள் எது என்பதும் மாறிவிடுகிறது. இந்த வரிசையில் ரப்பரை எங்கே வைப்பது? கடினத்தன்மைப் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது. இருந்தும் பொடித்துகள் ஓடும் பல இடங்களில் எஃகைவிட அது நீடிக்கிறது. துகள் மோதும்போது ரப்பர் அமுங்கி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் துகளுக்கே திருப்பிக் கொடுத்துத் தள்ளிவிடுகிறது. வெட்டுவதற்குக் கத்தி ஊன்ற இடம் தருவதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் நியாயமான மறுப்பு. குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 1,000-ஐத் தாண்டும். சாதாரண எஃகு 150-ஐ ஒட்டி நிற்கும். தேய்க்கும் பொருளைவிடத் தேய்படும் பொருள் கடினமாக இருந்தால் தேய்மானம் சட்டென்று குறைவது சோதனைச்சாலையில் நிரூபணமான விஷயம். குரோமியம் மிகுந்த வெள்ளை வார்ப்பிரும்பும் டங்ஸ்டன் கார்பைடும் சுரங்கங்களில் புகுந்தது அதனால்தான். நூறு பார் அழுத்தத்தை எட்டும் நெடுந்தூரக் குழாயில் ரப்பரை வைத்து மூட முடியாது; கார்பைடு பூசிய பால் வால்வுக்கு அங்கே மாற்று அரிது. ரப்பருக்கும் எதிரிகள் இருக்கின்றன: கூரான பெருங்கல் அதைக் கிழித்துவிடும், தாதுவை மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொட்டிகளில் சேர்க்கும் டீசல் அதை ஊதவைக்கும், இயற்கை ரப்பர் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் தளர்ந்துபோகும். இவையெல்லாம் உண்மை. ஆனால் கார்பைடுத் துகள்களை ஒட்டிவைத்திருப்பது பெரும்பாலும் கோபால்ட். செப்புச் சுரங்கத்தின் அமிலத் தண்ணீர் அந்தக் கோபால்ட்டைக் கரைத்துவிட்டால், மணிகள் எத்தனை கடினமாக இருந்து என்ன, கோத்த நூல் அறுந்த மாலைதான். கடினம் ஒரு தகுதி; உத்தரவாதம் அல்ல.

கோணத்தைவிடப் பெரிய வில்லன் வேகம். தேய்மானம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. வேகத்தின் இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் இடைப்பட்ட கணக்கில் ஏறுகிறது. நெடுந்தூரக் குழாய்களில் குழம்பு நொடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போகும். அதற்குக் குறைந்தால் கல்மாவு அடியில் படிந்துவிடும். இப்போது யாரோ ஒருவர் ஓட்டத்தை மட்டுப்படுத்த நினைத்து வால்வைக் கால்வாசி திறப்பில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு குழம்பு கால்பங்கு வழியில் நுழைய வேண்டுமென்றால் வேகம் நான்கு மடங்கு. தேய்மானம் 16 மடங்கிலிருந்து 64 மடங்கு வரை. இரண்டு வருடம் உழைக்கவேண்டிய உள்ளுறை (லைனர்) ஒன்றரை மாதத்திலோ, பத்துப் பன்னிரண்டு நாளிலோ போய்விடும். காகிதக் கணக்குதான், களத்தில் இத்தனை துல்லியமாக நடக்காது. இருந்தாலும் எந்த உலோகத்தை மாற்றினாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு இது என்பது தெரிகிறது அல்லவா? முழுதாக மூடாத வால்வின் கதை இன்னும் மோசம். 50 பார் அழுத்தத்தில் மூடிய வால்வில் தலைமுடி அளவு இடுக்கு இருந்தால், அதன் வழியே அந்தக் கனமான குழம்பு நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் பீறிடும். மணிக்கு 250 கி.மீ. அந்த இடுக்கு அரத்தால் ராவியதுபோல அகன்றுகொண்டே போகும். வேலையே செய்யாமல் மூடிக்கிடப்பதாக நாம் நினைக்கும் வால்வுதான் வேகமாகச் சாகிறது.

அப்படியானால் இடுக்கில்லாமல் மூடுவதுதான் முதல் தகுதி. தண்ணீருக்குப் போடும் கேட் வால்வு இங்கே தோற்பது உலோகத்தால் அல்ல, வடிவத்தால். அதன் கதவு இறங்கி உட்கார அடியில் ஒரு பள்ளம் இருக்கும். திறந்திருக்கும் நேரத்தில் கல்மாவு அதில் படிந்து இறுகிவிடும். பிறகு கதவு எப்படி இறங்கும்? ரப்பர் ஸ்லீவ் வைத்த நைஃப் கேட் வால்வு இந்தப் பள்ளத்தையே ஒழித்துவிட்டது. திறந்திருக்கும்போது இரண்டு ரப்பர் வளையங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு குழாயின் சுவர்போல நிற்கும். குழம்பு உலோகத்தைத் தொடுவதில்லை. தகடு இறங்கும்போது வளையங்களை விலக்கிக்கொண்டு போய், நடுவில் சிக்கிய குழம்பைக் கீழ்வழியாக வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு முறையும் தரையில் கொஞ்சம் சேறு விழும். ‘வால்வு ஒழுகுகிறது’ என்று பராமரிப்புக்காரர்கள் குறைப்படுவதும் இதைத்தான். அது கோளாறு அல்ல, வால்வு தன் தொண்டையைக் கழுவிக்கொள்ளும் முறை. பிஞ்ச் வால்வு இன்னும் எளிது: ரப்பர்க் குழாயை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிப்பது, அவ்வளவே. இடையில் ஒரு கல் மாட்டினாலும் ரப்பர் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

‘எல்லாம் சரி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் ஆலை நடத்த முடியுமா?’ என்று பொறியாளர்கள் கேட்பார்கள். கட்டுப்படுத்தத்தான் வேண்டும், ஆனால் மூடுகிற வால்விடம் அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. பம்ப் இருக்கும் இடத்தில் மோட்டாரின் வேகத்தை டிரைவ் வைத்துக் குறைக்கலாம். பம்ப்பின் வேகத்தைக் கூட்டிப் பிறகு வால்வால் நெரிப்பது, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பது போல. பம்ப் இல்லாமல் மலையிலிருந்து இறங்கும் குழாய்க்கு என்ன வழி? ஆண்டீஸ் மலையின் செப்புச் சுரங்கங்கள் சில 3,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. அங்கிருந்து பசிபிக் கரைக்குக் குழம்பு இறங்கினால், நிற்கும் தண்ணீர்க் கணக்கிலேயே 300 பார் அழுத்தம் சேரும். அதைக் கரைக்க இடையிடையே பீங்கான் துளைத் தட்டுகள் வைத்த நிலையங்களைக் கட்டினார்கள். தேய்வதற்கென்றே அளவான துளையோடு செய்த தட்டுகள் அவை. அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. வால்வுகளின் வேலை எந்தத் தட்டின் வழியாகக் குழம்பு போகவேண்டும் என்று வழிமாற்றுவது மட்டும். ஒன்று முழுத் திறப்பு, இல்லையென்றால் முழு மூடல். மூடுவதையும் நெரிப்பதையும் இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இத்துறையின் புத்திசாலித்தனமான ஏற்பாடு இதுதான் என்பேன்.

விலையைச் சொல்லி எழும் வாதமும் இருக்கிறது: மலிவான வால்வை வாங்கி அடிக்கடி மாற்றிக்கொண்டால் என்ன? அரவை ஆலையில் துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சைக்ளோன்களுக்கு முன்னால், ஒன்றிரண்டு பார் அழுத்தத்தில் இருக்கும் வால்வுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். பக்கத்தில் உதிரி சைக்ளோன் இருக்கும். ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறக்கலாம். நெடுங்குழாயில் பொருந்தாது. அங்கே வால்வை மாற்ற ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் கல்மாவு படிந்து அடைத்துக்கொள்ளும். வால்வின் விலையைவிட அந்த நிறுத்தத்தின் விலை பன்மடங்கு. டெண்டரில் ஒப்பிடப்படுவது முதலாவது மட்டும்தான். அம்மி தேய்ந்தால் தூக்கியெறிந்துவிட்டு வேறு அம்மி வாங்கினதில்லை. கொத்துகிறவரைக் கூப்பிட்டுத் திரும்பக் கொத்தி வைத்தார்கள். தேயும் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா, குழாயிலிருந்து உடலை இறக்காமலே அதைச் செய்ய முடியுமா என்பதை விலைப்பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்தால் மலிவான வால்வின் சாயம் பல நேரம் வெளுத்துவிடும்.

பழைய வால்வே இதற்கெல்லாம் சாட்சியம் வைத்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது நேரே பழைய இரும்புக்குப் போய்விடுகிறது. போவதற்கு முன் திறந்து பார்க்க அரை மணி நேரம் போதும். கதவு உட்காரும் சீட்டில் ஒரே ஒரு வாய்க்கால் ஓடியிருந்தால் முழுதாக மூடாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவர் மட்டும் குழிந்திருந்தால் குழாயின் வளைவுக்கு மிக அருகில் மாட்டியிருக்கிறார்கள். வால்வை நேர்ப்பகுதிக்குத் தள்ளி வைத்தால் அதே வால்வு கூடுதல் காலம் ஓடும். அடிப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் ஓட்டம் மந்தமாகி, பெரிய துகள்கள் அடியில் உருண்டு போயிருக்கின்றன. அப்போது குழாயின் அடியும் மெலிந்திருக்கும். குழாயைப் புதிதாக வாங்கக்கூட வேண்டாம். ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றி மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பி மாட்டினால், தேயாத பக்கம் கீழே வந்துவிடும்.