பச்சை இலையும் ஓடில்லா நத்தையும்

அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் கோலசிலாங்கூர் பக்கத்து வீடுகளில் ஓடில்லா நத்தைகள் கிளம்பிவிடும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் குளியலறைத் தண்ணீர் போகும் துவாரம் வழியாகவே ஏறி வந்துவிடும். விடிந்ததும் சிமெண்டுத் தரையில் அது போன தடம் காய்ந்து பளபளக்கும். பெரியவர்கள் உப்பை அள்ளிப் போடுவார்கள். பிள்ளைகள் சிலிப்பரால் நசுக்குவார்கள். அருவருப்பு தீர்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம். தரையில் ஊரும் நத்தையால் பெரிய கெடுதல் இல்லை. நாம் பச்சையாகத் தின்னும் இலையில் அது ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எலியிடமிருந்து வரும் புழு

எலியின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் ஒருவகை உருளைப்புழு வாழ்கிறது. சீனாவின் கேன்டன் நகரத்து எலிகளில் 1935ல் இது கண்டறியப்பட்டது. மலேசிய எலிகளில் காணப்படும் இதன் நெருங்கிய உறவுப் புழுவுக்கு 1971ல் நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். இந்தப் புழுக்களின் குஞ்சுகள் எலிப் புழுக்கையோடு வெளியே வரும். அந்தப் புழுக்கையை நத்தை தின்னும். நத்தையின் உடலுக்குள் குஞ்சுகள் வளரும். அந்த நத்தையை மறுபடி எலி தின்னும். இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே இல்லை. தவறி நம் வயிற்றுக்குள் போன புழு, திரும்பும் வழி தெரியாமல் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே அது சாகும்போது மூளை உறை வீங்குகிறது.

சிட்னியில் 2010ல் ஓர் இளைஞர் நண்பர்களோடு விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தபோது தோட்டத்து நத்தையை விழுங்கினார். ஓராண்டுக்கு மேல் நினைவின்றிக் கிடந்து, கை கால் முடங்கி, 2018ல் இறந்துபோனார். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் தவழும் குழந்தை கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் வைக்கும் என்பதால் இந்தச் செய்தியை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நத்தையை முழுசாக விழுங்கினால்தான் நோய் வரும் என்பதும் இல்லை. மலேசியாவில் ஆய்வு செய்த டொனால்ட் ஹைன்மேன், நம் நாட்டு விலங்கியலாளர் லிம் பூ லியாட் இருவரும் நத்தையைத் தின்னாமலே புழு நேரடியாகத் தொற்றக்கூடும் என்று 1967ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

வல்லாரை, வெற்றிலை, அறுகம்புல்

நம் வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்கக் காரணம் உண்டு. கடைத்தெருக் கீரையை நாம் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம்; அதில் பயமில்லை. ஆனால் மருந்து என்று நம்பிப் பச்சையாகத் தின்பவை எத்தனை! ஞாபக சக்திக்கு வல்லாரைத் துவையல், இருமலுக்குக் கற்பூரவள்ளி, சளிக்குத் துளசி, இரத்தம் சுத்தமாக அறுகம்புல் சாறு, பாட்டிகளுக்குச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை. வல்லாரையும் அறுகம்புல்லும் கால்வாய் ஓரத்து ஈரத்தில் தரையோடு தரையாகப் படர்பவை. எலி ஓடுவதும் நத்தை ஊர்வதும் அதே இடத்தில்தான்.

ஒரு வல்லாரை இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் பள்ளத்தில் அரிசி அளவில் ஒரு குட்டி நத்தை சுருண்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது. நத்தை விட்டுப்போகும் சளியில் புழு குறைவாகவே இருக்கும். இந்தக் குட்டிதான் ஆபத்து. அதை இலையோடு சேர்த்து மிக்சியில் அடித்தால் உள்ளே இருக்கும் புழுக்கள் சாற்றில் கலந்துவிடும்.

ஆகவே வீட்டு வல்லாரையையும் அறுகம்புல்லையும் பச்சைச் சாறாகக் குடிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வதக்கித் துவையல் அரைக்கலாம். கொதிக்கவைத்துக் கஷாயமாகக் குடிக்கலாம். மூன்று முதல் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதித்தால் புழு செத்துவிடும். இலை கழுவ உப்புத் தண்ணீரையும் வினிகரையும் நம்பாதீர்கள். வெற்றிலை போன்ற பெரிய இலைகளை ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் விரலால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே வாயில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடும்பும் நத்தை தின்னும். உடும்பு இறைச்சியைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு இதே மூளை உறை நோய் வந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடலுக்குப் பலம் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

பிடிக்கும் வழி

நசுக்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். மழை விட்ட இரவில் டார்ச் விளக்கோடு போனால் பூச்சட்டியின் விளிம்பிலும் வாழை மட்டையிலும் நிறையச் சிக்கும். கையுறை போட்டு அல்லது இடுக்கியால் எடுத்து, உப்பைத் தாராளமாகக் கரைத்த வாளியில் போட்டு மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் குழி வெட்டிப் புதையுங்கள். உப்பைச் செடியடியில் கொட்டினால் மண்தான் கெடும்.

பகலில் பிடிக்க, நனைத்த கோணிச் சாக்கையோ பழைய பலகையையோ மாலையில் தரையில் போட்டு வைத்தால் போதும். காலையில் புரட்டினால் அடியில் கூடியிருக்கும். பூச்சட்டிக்கு அடியில் கண்ணாடி மணி மாதிரி முட்டைகள் கொத்தாகக் கிடந்தால் அவற்றையும் வாளியில் சேர்த்துவிடுங்கள். நாய், பூனைக்கு வைத்த சோற்றை இரவில் வெளியே விடாதீர்கள். நத்தையும் எலியும் சேர்ந்து வரும். மழைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள்.

கடையில் விற்கும் நத்தைக் குருணை பலவற்றில் மெட்டால்டிஹைட் என்ற விஷம் இருக்கிறது. நாய் விரும்பித் தின்றுவிடும். வலிப்பு வந்து செத்தும் போகும். குழந்தை கைக்கும் எட்டிவிடும். மழையில் கரைந்து ஆற்றுக்கும் போகும். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க உலகமே வருகிறதே, அவற்றின் புழுக்கள் சிலாங்கூர் ஆற்றங்கரைச் சேற்றில் சின்ன நத்தைகளைத் தின்றுதான் வளர்கின்றன. மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால், இரும்பு பாஸ்பேட் கலந்த குருணையைக் கேட்டு வாங்குங்கள்.

எலியைக் குறைத்தால் நத்தை இருந்தும் நோய் குறையும். செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைகளை வளர்ப்பது எலியைக் குறைக்கத்தான். கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிந்து விரட்டாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது

பச்சை இலையோ நத்தையோ வயிற்றுக்குள் போய், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் அறிகுறிகள் தெரியும். இதுவரை கண்டிராத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, துணி பட்டாலே தோல் எரிவது, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி ஆகியவை முக்கியமானவை. குழந்தைகளுக்குக் காய்ச்சலும் அயர்ந்த தூக்கமும் இருக்கலாம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கடையில் குடற்பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாக விழுங்கக் கூடாது. மூளையில் புழுக்கள் மொத்தமாகச் செத்தால் வீக்கம் கூடக்கூடும். எந்த மருந்தை எதனோடு கொடுப்பது என்று மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கிளினிக்குக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ போகும்போது தலைவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கடந்த சில வாரங்களில் பச்சையாக என்ன இலை தின்றீர்கள், என்ன சாறு குடித்தீர்கள், பிள்ளை நத்தையை வாயில் வைத்ததா என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.