வெயில் வேறு, புழுக்கம் வேறு



செம்பனைக் காட்டில் குலை அறுத்துவிட்டு நண்பகலில் வீடு திரும்புகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "வெயில்கூடப் பரவாயில்லை, இந்தப் புழுக்கம்தான் ஆளை வாட்டுகிறது" என்பார். அறிவியல் சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

வெயிலின் சூட்டை வெப்பமானி காட்டும். புழுக்கம் என்பது காற்றில் கலந்திருக்கும் நீராவியால் வருவது. உடம்பு தன் சூட்டைத் தணிக்க வியர்வையை விடுகிறது. வியர்வை வழிவதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் நீராவி மிகுந்திருந்தால் வியர்வை காயாது. சட்டைதான் நனையும்.

கடலோர நகரங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று சிங்கப்பூர். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 டிகிரி வடக்கே உள்ளது. ஜொகூரிலிருந்து நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். மற்றொன்று துபாய். 25 டிகிரி வடக்கே, வெப்ப மண்டலத்தின் எல்லையைச் சற்றே தாண்டி இருக்கிறது. பாலைவன ஊராயிற்றே, அங்கே வறண்ட வெயிலாகத்தானே இருக்கும் என்று நினைக்கிறோம் அல்லவா?

ஒரு கணக்குப் போடுவோம். சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் ஆகஸ்டு மாதத்தில் வெப்பம் 41 டிகிரி, ஈரப்பதம் 45. எண்ணை மட்டும் பார்த்தால் துபாய்க் காற்று உலர்ந்தது போலத் தோன்றும். ஆனால் காற்று சூடாக ஆக, அதில் அடங்கக்கூடிய நீராவியும் கூடிக்கொண்டே போகும். நூற்றுக்கு இத்தனை என்பது அந்தக் கொள்ளளவில் ஒரு பங்குதான். கணக்கிட்டால், ஒரு கன மீட்டர் சிங்கப்பூர்க் காற்றில் சுமார் 22 கிராம் நீர் இருக்கும். துபாய்க் காற்றில் 24 கிராம். சூடும் அதிகம், ஈரமும் அதிகம்!

இவ்வளவு ஈரம் பாலைவனத்துக்கு எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் உள்ள வளைகுடாக் கடல் ஆழம் குறைந்தது; சராசரி 35 மீட்டர்தான். கோடையில் அந்த நீரே 30 டிகிரிக்கு மேல் சுடும். அதன் ஆவியைக் கடற்காற்று கரைக்குக் கொண்டுவருகிறது. நம் பக்கம் என்றால் அந்த ஆவி மேலே எழுந்து, மாலையில் இடிமழையாகக் கொட்டிச் சூட்டைத் தணிக்கும். அங்கே கோடையில் மேலிருந்து இறங்கும் காற்று மூடி போட்டதுபோல் அமுக்குவதால் மழை பெய்வது அரிது. இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. ஆனால் ஜனவரியில் துபாய்க்காரருக்கு இதமான குளிர் கிடைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதே வளைகுடாக் கரையில், சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் பனிநிலை 35 டிகிரி எனப் பதிவாயிற்று. அதாவது, 35 டிகிரி சூடுள்ள குவளையின் வெளிப்புறத்தில்கூட நீர் முத்து முத்தாகப் பூத்திருக்கும். மனிதத் தோலின் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தகைய காற்றில் வியர்வை எப்படிக் காயும்? துபாயில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை, வெட்டவெளி வேலைக்குச் சட்டப்படி தடை இருக்கிறது.

நமது பால்மரமும் காற்றின் ஈரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். விடியலில் இலைகள் நீரை அதிகம் விடுவதில்லை. பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். மரத்துக்காக ஏற்பட்ட அந்த விடியல் நேரம் வெட்டுக்காரருக்கும் நன்மையாயிற்று. செம்பனைக்கு அப்படி ஒரு நேரக் கட்டுப்பாடு இல்லை. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானதையும் நினைவில் வையுங்கள்.

கடும் வெயிலில் வேலை செய்பவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ, வியர்வை வழிகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதற்குள் இன்னொருவர் 999க்கு அழைக்கட்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.