அதிபர் வந்துபோன கம்பெனி

வெளியே அதிகம் பெயர் தெரியாத ஒரு கம்பெனிக்கு நாட்டின் அதிபரே வருகிறார் என்றால், அங்கே வேலை பார்ப்பவருக்கு முதலில் வருவது நிம்மதிதான். நாலும் விசாரிக்காமலா வருவார் என்று வீட்டிலும் சொல்வார்கள். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்த சொலிண்ட்ராவின் கதை அந்த நிம்மதியை அசைத்துவிடுகிறது. சூரிய மின்சாரத்துக்கு மற்றவர்கள் தட்டையான சிலிக்கான் பேனல் செய்துகொண்டிருந்தபோது, 2005-ல் தொடங்கிய இந்தக் கம்பெனி டியூப்லைட் போன்ற கண்ணாடிக் குழாய்களைச் செய்தது. வெயில் எந்தப் பக்கம் விழுந்தாலும், கூரையில் பட்டு மேலே திரும்பினாலும், குழாய் அதை வாங்கிக்கொள்ளும். காற்று இடைவெளியில் புகுந்து போய்விடுவதால் கூரையில் துளை போட வேண்டியதில்லை. நல்ல யோசனை. 2009-ல் மத்திய அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. 2010 மே 26 அன்று அப்போதைய அதிபர் ஒபாமா அங்கு வந்து, கட்டி முடியாத புதிய ஆலைக்குள் நின்று பேசினார். 2011 ஆகஸ்ட் 31 அன்று கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. காலையில் வேலைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சுமார் 1,100 பேருக்கு வேலை போயிற்று.

பெரிய மனிதர் ஒருவரின் வருகை, அவருக்கு அப்போது என்ன தேவை என்பதைத்தான் காட்டுகிறது. கம்பெனியின் கணக்கு எப்படி இருக்கிறது என்பதை அல்ல. அதே ஃப்ரீமாண்டில் நும்மி கார் ஆலை 2010 ஏப்ரலில்தான் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்தார்கள். அரசு செலவிடும் பணத்தால் வேலை பிறக்கிறது என்பதை நாட்டுக்குக் கண்முன் காட்ட வேண்டியிருந்தது. எழும்பிக்கொண்டிருந்த ஆலையைவிட அதற்குப் பொருத்தமான இடம் வேறு ஏது? அந்தத் தேவையில் தவறில்லை. ஆனால் கணக்கு வேறு சொன்னது. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பதற்காகக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணத்தில், ஒபாமா வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, இந்தக் கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பதே சந்தேகம் என்று தணிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். அதுவரையிலான நஷ்டம் 55 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2008-ல் கிலோ சுமார் 400 டாலர் வரை ஏறிய சிலிக்கான் சரிந்துவிட்டதால், சிலிக்கானே வேண்டாத குழாய்க்கு இருந்த சாதகமும் போய்விட்டது. குழாயைச் செய்யும் செலவு விற்கும் விலையைவிட அதிகமாக இருந்தது.

வருகையால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஊருக்கே தெரியாத உழைப்பை நாடு ஒரு நாளாவது பார்த்தது; அந்தப் பெருமையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அரசுக் கடன் வாங்கினாலே இப்படித்தான் முடியும் என்பதும் சரியல்ல. சொலிண்ட்ராவுக்கு உத்தரவாதம் தந்த அதே எரிசக்தித் துறையிடம் 46.5 கோடி டாலர் வாங்கிய டெஸ்லா 2013-ல் முழுவதையும் அடைத்தது. தணிக்கை அறிக்கையைத் தொழிலாளி படித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் கனமான கேள்வி. எல்லோராலும் முடியாது. அதனால் அந்தப் பொறுப்பு நிர்வாகத்துடையது: வருகைக்கு மேடை போடுகிறவர்கள், கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும், சரக்கு அடக்க விலைக்காவது போகிறதா என்பதையும் ஆட்களிடம் சொல்ல வேண்டும். பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. அந்த அறிவிப்பு வரவில்லை என்று சொலிண்ட்ரா ஊழியர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.