சர்வரில் யாருக்கு எவ்வளவு பங்கு?

ஒரே சர்வரில் பலர் வேலை செய்யும்போது சிபியுவை எப்படிப் பங்கிடுவது? விண்டோஸ் சர்வர் 2003 என்டர்பிரைஸ் பதிப்பிற்கு இதற்கென்றே சிஸ்டம் ரிசோர்ஸ் மேனேஜர் என்ற புரோகிராம் தரப்பட்டது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டாலும், அதன் கணக்கு இன்றும் பயன்படும்.

குமார் ஒரு புரோகிராமையும், மாலா மூன்று புரோகிராம்களையும் இயக்குவதாக வைத்துக்கொள்வோம். நான்குமே சிபியுவை முழுமையாகக் கேட்கின்றன. புரோகிராமுக்குச் சமபங்கு என்றால் மாலாவுக்கு 75 சதவீதம், குமாருக்கு 25 சதவீதம். யூசருக்குச் சமபங்கு என்றால் ஆளுக்கு 50 சதவீதம். சிபியுவின் வேலைப்பளு 70 சதவீதத்தைத் தாண்டினால்தான் இந்தக் கட்டுப்பாடு செயல்படும். அதுவரை யாரையும் தடுக்காது.

பலர் பகிரும் சர்வருக்கு யூசர் வாரியான பங்கீட்டையே நான் சிபாரிசு செய்வேன். நிறைய புரோகிராம்களைத் திறந்து வைப்பவரால் அடுத்தவர் வேலை பாதிக்கப்படாது. ஆனால் பில் போடும் புரோகிராம் போல நிற்கவே கூடாத வேலை இருந்தால், அதற்குத் தனிப்பங்கு ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரியுங்கள்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதைச் செய்து பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் டேபைத் திறந்து, வீடியோ மாற்றும் புரோகிராமின் மீது ரைட் கிளிக் செய்து, செட் பிரையாரிட்டியில் பிலோ நார்மல் கொடுங்கள். மற்ற வேலைகள் தடையின்றி நடக்கும். ரியல்டைம் மட்டும் வேண்டாம். மவுஸ்கூட நகராமல் போகலாம்.